ஆடிக் காற்றும் கொடிக் கயிறும்

ஆகஸ்ட் 15 எப்போதும் ஆடி முடியும் தறுவாயில்தான் வரும். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேற்கேயிருந்து இறங்கும் காற்று அந்த நாட்களில் ஓயாது. கயத்தாறு, ஆலங்குளம், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளை வரிசை வரிசையாக நட்டிருப்பதே இந்தக் காற்றை நம்பித்தான். ஜனவரி 26 தை மாதம் பன்னிரண்டாம் தேதி வாக்கில் வரும். அப்போது காற்று அடங்கி, விடிகாலைப் பனி கொட்டும். ஆகஸ்டில் கொடி கம்பத்தைச் சுற்றிக்கொள்ளும், கிழியும். ஜனவரியில் நனைந்து துவண்டு, முடிச்சு அவிழாமல் உச்சியில் மூட்டையாக நிற்கும். திருநெல்வேலிச் சீமையில் கொடியேற்றும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ, அவர் இந்த இரண்டு நாளுக்கும் இரண்டு விதமாகத் தயாராக வேண்டும்.

இதை இவ்வளவு நுணுக்கிப் பேசக் காரணம் உண்டு. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் 1755-லேயே கும்பினிப் படைக்குக் கிஸ்தி தர மறுத்த மண் இது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பிய ஊமைத்துரை, இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பிச் சண்டை போட்டு, அதே ஆண்டு நவம்பரில் தூக்கு மேடை ஏறினார். 1908 மார்ச் 13 அன்று, வ.உ.சி.யைக் கைது செய்ததற்காகத் திருநெல்வேலி கொந்தளித்தபோது போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். அந்த வழக்கில் வ.உ.சி.க்கு விதித்தது இரட்டை ஆயுள், மொத்தம் நாற்பது ஆண்டு. கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு இன்றைக்கும் சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. இத்தனை பேரை நினைத்து ஏற்றுகிற கொடி தலைகீழாகப் போனாலோ பாதியில் சிக்கி நின்றாலோ, அதற்குப் பிறகு மேடையில் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் சரியாகாது. மரியாதை முதல் நாள் சாயங்காலம், கயிறையும் கப்பியையும் பார்ப்பதில் தொடங்குகிறது.

முதலில் துணி. கொடி மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அரசு வகுத்த அளவுகள் ஒன்பது: பெரியது 6300-க்கு 4200 மில்லிமீட்டர், சிறியது 150-க்கு 100. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் பஞ்சாயத்து ஆபீசுக்கும் வேண்டியது நடுவில் உள்ள இரண்டு அளவுகள்தான். பன்னிரண்டு அடிக் கம்பம் என்றால் 900-க்கு 600, அதாவது மூன்றடிக்கு இரண்டடி. இருபதடிக் கம்பம் என்றால் 1350-க்கு 900. அதற்குமேல் பெரிதாக வாங்கினால் ஆடிக் காற்று இழுக்கிற இழுப்பில் கம்பமே வளையும். 2021 டிசம்பரில் விதியைத் திருத்தியதிலிருந்து பாலியஸ்டர் கொடியும் மிஷின் கொடியும் செல்லும். ஆனாலும் காதிக் கடையிலோ சர்வோதய சங்கக் கடையிலோ கிடைக்கும் கதர்க் கொடியையே வாங்கச் சொல்வேன். விலை கூடத்தான். தையல் உறுதி, ஓரம் இரட்டை மடிப்பு, சாயம் சட்டென்று இறங்காது.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது சக்கரம். கொடியை நெட்டுவாக்கில் ஒரு தரமும் குறுக்குவாக்கில் ஒரு தரமும் பாதியாக மடித்துப் பிரித்தால் இரண்டு மடிப்புக் கோடு விழும். அவை வெட்டும் இடத்தில் சக்கரத்தின் நடுக்குடம் இருக்க வேண்டும். ஆரக்கால் இருபத்து நான்கா என்று விரல் வைத்து எண்ணுங்கள். சக்கரம் வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவில் இழுத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். துணியின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தமாகத் தெரிய வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தெருவோரம் விற்கும் மலிவுக் கொடிகளில் பாதி இந்த இடத்திலேயே தேறாது.

அடுத்தது கம்பம். கம்பத்தின் உயரம் எவ்வளவோ அதற்குக் கூடுதலான தூரத்தில்தான் மின்கம்பி இருக்க வேண்டும். நடும்போது சாய்ந்தாலும் கழற்றும்போது நழுவினாலும் கம்பியைத் தொடக் கூடாது. இரும்புக் குழாய் மின்கம்பியில் பட்டு உயிர் போவது நடக்காத காரியமில்லை. இதை எந்த விழாக் குழுவும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கப்பிதான் பெரும்பாலான சங்கடத்துக்கு மூலம். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி போன்ற கடலோர ஊர்களில் இரும்புக் கப்பி ஒரே வருஷத்தில் உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். அங்கே எவர்சில்வர் கப்பியோ நைலான் சக்கரமோ போடுவது நல்லது. உள்நாட்டு ஊர்களில் துரு குறைவு. அங்கே தொந்தரவு கயிற்றின் பருமனில் வரும். கப்பிப் பள்ளத்தைவிடக் கயிறு மெலிந்திருந்தால், காற்று அசைக்கும்போது கயிறு பள்ளத்தைவிட்டு இறங்கி, சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். கொடி பாதியில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். பள்ளத்துக்குச் சரியாக உட்காரும் கயிறு, சாதாரணக் கப்பிக்கு ஆறிலிருந்து எட்டு மில்லிமீட்டர் பருமன் போதும். இருபதடிக் கம்பத்துக்கு ஏற நாற்பதடி இறங்க நாற்பதடி என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அவ்வளவு வேண்டாம். மேலே போய்த் திரும்ப நாற்பதடி, முடிச்சுக்கும் கைப்பிடிக்கும் ஐந்தடி, ஆக நாற்பத்தைந்து அடி. பருத்திக் கயிறு பனியில் ஊதி முடிச்சை இறுக்கும். நைலான் கயிறு வழுக்கும், ஆனால் ஊதாது. ஜனவரிக்கு நைலான்தான்.

முதல் நாள் சாயங்காலம் கொடிக்குப் பதிலாக அதே எடையுள்ள ஒரு துண்டைக் கட்டி மேலே ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு தரமாவது உச்சிவரை போக வேண்டும். பாதிவரை ஏற்றிப் பார்த்துவிட்டு ‘சரியாத்தான் இருக்கு’ என்று விட்டுப்போகிற இடத்தில்தான் மறுநாள் உச்சியில் சிக்கும்.

கொடியின் இடது ஓரத்தில் தடித்த துணி உறை இருக்கும், அதற்குள் ஒரு கயிறு ஓடும். அந்தக் கயிற்றின் இரண்டு முனையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மடித்துவிட்டால் எது காவிப் பக்கம் எது பச்சைப் பக்கம் என்று தெரியாது. கொடி தலைகீழாகப் போவதற்குக் காரணம் இது ஒன்றுதான், வேறு எந்த மர்மமும் இல்லை. மடிப்பதற்கு முன்னால் காவிப் பக்க முனையில் ஒரு காவி நூலைச் சுற்றுங்கள். கம்பத்துக் கயிற்றில் உச்சிக்குப் போகிற பக்கத்திலும் அதே நூலைச் சுற்றுங்கள். நூலும் நூலும் சேரும்படி கட்டினால் தவறு நடக்க வழியில்லை.

ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் முறை வேறு. சுதந்திர தினத்தில் கொடியைக் கம்பத்தின் அடியிலிருந்து மேலே ஏற்றுவது மரபு. குடியரசு தினத்தில் கொடி ஏற்கெனவே உச்சியில் மடித்துக் கட்டியிருக்கும், கயிற்றை இழுத்து விரிப்பார்கள். தில்லியில் முதலாவதைப் பிரதமரும் இரண்டாவதை ஜனாதிபதியும் செய்கிறார்கள். மாநிலங்களில் 1974 முதல் சுதந்திர தினத்தில் முதலமைச்சர் ஏற்றுகிறார். அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றவர் கலைஞர் கருணாநிதி. நம் ஊர்களில் இரண்டு நாளும் பூ வைத்துக் கட்டி உச்சியில் விரிப்பதே பழக்கமாகிவிட்டது. ஆகஸ்டில் மரபுப்படியே அடியிலிருந்து ஏற்றுங்கள் என்பேன். காற்றடிக்கும் நாளில் மூட்டை கட்டி உச்சியில் காத்திருக்க வைத்தால், விருந்தினர் வருவதற்குள் காற்றே அவிழ்த்துவிடும்.

விரித்த கொடியை ஏற்றும்போது இரண்டு பேர் வேண்டும். ஏற்றுகிறவர் மேல் கயிற்றை இழுக்க, இன்னொருவர் கீழ்க் கயிற்றைத் தொய்யவிடாமல் விறைப்பாகப் பிடித்துக்கொண்டே விட வேண்டும். கீழ்க் கயிறு தொய்ந்த நொடியில்தான் பச்சை மூலை பறந்து கம்பத்தைச் சுற்றும். ஏற்றுவது சுறுசுறுப்பாக, இறக்குவது மெதுவாக, இதுதான் விதி. ஏற்றி முடித்ததும் கம்பத்திலுள்ள கொக்கியில் எட்டு வடிவில் மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். வெறும் முடிச்சு ஆடிக் காற்றில் அரை மணி நேரத்தில் தளர்ந்து கொடி ஓரடி இறங்கிவிடும்.

ஜனவரிக்கான மடிப்பு இப்படி. சுத்தமான பாயில் கொடியை விரிக்க வேண்டும், வெறுந்தரையில் போடக் கூடாது. கீழேயிருந்து பச்சையை வெள்ளையின்மேல் மடியுங்கள். இரண்டு கை அள்ளு உலர்ந்த பூவிதழை அந்தப் பட்டையில் பரப்புங்கள். மேலேயிருந்து காவியை அதன்மேல் மூடுங்கள். இனி பறக்கும் முனையிலிருந்து கயிறுள்ள ஓரத்தை நோக்கி ஓரடி ஓரடியாக மடித்து வந்தால், இரண்டு கயிற்று முனையும் வெளியே தெரியும்படி ஒரு பொட்டலம் கிடைக்கும். மேல் முனையை உச்சிக்குப் போகும் கயிற்றில் கட்டியாயிற்று. கீழ் முனையிலிருந்து இறங்கும் கயிற்றைப் பொட்டலத்தின்மேல் இரண்டே சுற்று சுற்றி, அதே கயிற்றில் ஒரு வளையம் எடுத்து, சுற்றுக்கு அடியில் செருகுங்கள். வளையம் மட்டும்தான் செருக வேண்டும். கயிற்றின் முனையே உள்ளே போய் வெளியே வந்துவிட்டால் அது உருவு முடிச்சாக இராது, இழுக்க இழுக்க இறுகும். மூன்று சுற்று, நான்கு சுற்று என்று பயந்து பயந்து சுற்றுகிறவர்களின் கொடிதான் திறக்காது.

பூ என்றால் கேந்தியும் ரோஜா இதழும் போதும். காம்பு, நார் எதுவும் கூடாது. தண்ணீர் தெளித்து வைத்த இதழ் வெள்ளையில் கறையேற்றும், ஒட்டிக்கொண்டு உதிராது. மஞ்சள் அரிசி, ஜிகினா, கலர் காகிதம் வேண்டாம். கொடிக்குள் இதழ் வைக்க விதியே இடம் தருகிறது. ஆனால் கம்பத்தின் உச்சியில் மாலையோ பூவோ சின்னமோ வைக்க இடமில்லை. கொடித்துணியைத் தோரணமாகக் கட்டவும் கூடாது.

பொட்டலத்தை இரவே உச்சியில் ஏற்றி வைக்காதீர்கள். தைப் பனி குடித்து எடை கூடிவிடும். காலை ஆறு மணிக்குமேல் கட்டினால் போதும். இழுத்துத் திறக்கவில்லை என்றால் இன்னும் வேகமாக இழுக்கக் கூடாது. கீழே இறக்கி, சுற்றைத் தளர்த்தி, மறுபடி ஏற்ற இரண்டு நிமிஷம் ஆகும், கூட்டம் காத்திருக்கும். பையன்களைக் கம்பத்தில் ஏறச் சொல்வது கூடவே கூடாது. தலைகீழாகப் போய்விட்டாலும் அதேதான்: சத்தம் போடாமல் உடனே இறக்கித் திருப்பிக் கட்டுங்கள். வேண்டுமென்றே காவியைக் கீழாக வைத்துப் பறக்கவிடுவதைத்தான் சட்டம் குற்றம் என்கிறது, அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கை தவறிய பள்ளிக்கூட ஆசிரியரைப் படமெடுத்து ஊரெல்லாம் பரப்புவதில் தேசபக்தி ஏதும் இல்லை.

கொடி விரிந்ததும் எல்லோரும் கொடியைப் பார்த்து விறைப்பாக நிற்க, தேசிய கீதம். 52 விநாடி. ஒலிபெருக்கிக்காரர் பாட்டைத் தேடிக்கொண்டு நிற்காதபடி, கீதம் தயாராக இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பாடினால் இன்னும் நல்லது.

ஏற்ற வேண்டியவர் யார் என்பதில் ஒரு வார்த்தை. பஞ்சாயத்து ஆபீஸ் கம்பத்தில் ஏற்ற வேண்டியவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். அவர் எந்தச் சாதி, ஆணா பெண்ணா என்பது கேள்வியே இல்லை. பட்டியல் சாதித் தலைவர்களை ஏற்றவிடாமல் தடுப்பது தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. அதனால்தான் 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியருக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தலைவரை ஓரமாக நிற்கவைத்து வேறொருவர் கயிற்றை இழுக்கிற ஊரில், கொடி எவ்வளவு ஒழுங்காகப் பறந்தாலும் அது அவமதிப்புத்தான். பூலித்தேவர் படையில் ஒண்டிவீரன் தளபதி. கட்டபொம்மனுக்காக உயிரைவிட்ட சுந்தரலிங்கம் கவர்னகிரிக்காரர். எல்லாச் சாதியாரும் நின்று செத்த மண்ணில் கயிற்றைத் தொடச் சாதி பார்ப்பதைப்போல வெட்கக்கேடு வேறில்லை.

சாயங்காலம் இறக்குவதைப் பற்றி: 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு திறந்த வெளியிலும் வீட்டிலும் இரவும் பகலும் பறக்கலாம். ஆனாலும் ஆடிக் காற்றில் இரவு முழுக்க விட்டால் பறக்கும் முனை நாலே நாளில் நார்நாராகும், கிழிந்த கொடியைப் பறக்கவிட விதி இடம் தருவதில்லை. பொழுது சாயும்போது இறக்கிவிடுவதே நல்லது. ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி மடியுங்கள். எடுத்து வைக்கும் மடிப்பு வேறு: காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போக, பிறகு இரண்டு பக்கத்தையும் நடுவுக்கு மடக்க, மேலே சக்கரமும் காவி பச்சையில் கொஞ்சமும் மட்டும் தெரியும். உள்ளங்கையில் ஏந்தி எடுத்துப் போங்கள். நைந்துபோன கொடியைக் குப்பையில் போடாமல், துடைக்கப் பயன்படுத்தாமல், தனியிடத்தில் முழுதாக எரிப்பது முறை. கதர் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், தள்ளி நின்று எரியுங்கள். விழா முடிந்ததும் தரையில் கிடக்கும் காகிதக் கொடிகளைப் பொறுக்க இரண்டு பேரை நியமிப்பது விழாக் குழுவின் வேலை.

அரைக்கம்பம் ஊர் முடிவு செய்வதில்லை. அரசு உத்தரவு வந்தால் மட்டும். அப்போதும் முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். சாயங்காலம் எடுக்கும்போதும் உச்சிக்கு ஏற்றிவிட்டே இறக்க வேண்டும். ஊர்ப்பையன் ஒருவன் எல்லையில் உயிர்விட்டான் என்று சேதி வந்ததும் மனசு கேட்காமல் பள்ளிக் கம்பத்துக் கொடியைப் பாதியில் இறக்குவார்கள். அன்பு புரிகிறது, ஆனால் முறை அதுவன்று. அவனுக்கான கொடி அவன் பெட்டியின்மேல் வருகிறது.

அந்த நாள் எப்படி இருக்கும் என்று ஊர்ப் பெரியவர்களுக்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது. உடல் விமானத்தில் தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ வந்து, அங்கிருந்து படை வண்டியில் ஊருக்கு வரும். பெட்டியின்மேல் போர்த்திய கொடியில் காவி தலைமாட்டில் இருக்கும். மாலைகளைக் கொடியின்மேல் போடாமல் பெட்டிக்கு முன்னால் வைக்கச் சொல்லி இரண்டு இளைஞர்களை நிறுத்துங்கள். முக்கு திரும்ப வண்டிக்கு இடம் வேண்டும், டிராக்டர்களையும் பந்தல் கால்களையும் முதலிலேயே அப்புறப்படுத்துங்கள். அடக்கத்துக்கு முன் வீரர்கள் வானத்தை நோக்கி மூன்று முறை சுடுவார்கள், பிறகு ஊதுகொம்பு. கைக்குழந்தைகளை அந்த இடத்திலிருந்து தள்ளி நிறுத்துவது தாய்மாருக்கு உதவி. கொடி குழிக்குள் போகக் கூடாது, சிதையில் எரியவும் கூடாது. மடித்து மனைவியிடமோ பெற்றோரிடமோ தருவார்கள். சில சமயம் பெட்டியைத் திறக்க முடியாத நிலையில் முத்திரையிட்டு அனுப்பியிருப்பார்கள். திறக்கச் சொல்லி அதிகாரிகளோடு மல்லுக்கட்டாமல் வீட்டாருக்கு நிதானமாகச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். ராணுவம் மட்டுமில்லை, சி.ஆர்.பி.எஃப். போன்ற மத்தியப் படைகளுக்கும் கொடி மரியாதை இதேதான்.

நினைவுக்கல் நடுவது தமிழனுக்குப் புதிதில்லை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலை சொல்கிறது தொல்காப்பியம்: கல்லைக் கண்டு தேர்ந்து, நாள் பார்த்துக் கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது. இப்போது ஊருக்கு ஊர் பளிங்கில் கல் வைக்கிறார்கள், வெயிலில் பத்து வருஷத்தில் எழுத்து மங்கிவிடுகிறது. கருங்கல்லில் ஆழ வெட்டிய எழுத்துதான் நிற்கும். வெட்டுக் குழியில் பெயிண்ட் அடித்து நிரப்புவது இரண்டு மழைக்குத் தாங்காது, எழுத்து ஆழமாக இருந்தால் பெயிண்ட் தேவையே இல்லை. பெயர், பதவி, படைப்பிரிவு, பிறந்த நாள், இறந்த நாளும் இடமும். அவ்வளவு போதும். திறந்துவைத்தவர் பெயரையும் உபயதாரர் பெயரையும் கல்லின் பின்பக்கத்தில் வெட்டுங்கள். வீரன் பெயரைவிட அமைச்சர் பெயர் பெரிதாக இருக்கும் கல்லைப் பார்க்கும்போது நெஞ்சு எரிகிறது. ஊரில் எந்தத் தெருவிலிருந்து போனவரானாலும் ஒரே கல்லில், இறந்த தேதி வரிசையில் வரட்டும். தெருவுக்கொரு கல், சாதிக்கொரு சிலை, அதைச் சுற்றி இரும்புக்கூண்டு என்று நம் பக்கம் பார்த்தது போதும்.

சிலைகளுக்குப் பிறந்த நாளிலும் நினைவு நாளிலும் மாலை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 1 பூலித்தேவர், செப்டம்பர் 5 வ.உ.சி., அக்டோபர் 16 கட்டபொம்மன், டிசம்பர் 11 பாரதி, ஜூன் 17 வாஞ்சி என்று நாட்கள் வருகின்றன. மாலையைக் கம்பியில் கட்டாமல் நூலில் கட்டச் சொல்லுங்கள், கம்பி வெண்கலத்தைக் கீறும். மறுநாள் சாயங்காலமே கழற்றிவிடுங்கள், அழுகிய பூவின் ஈரம் பச்சைக் களிம்பு ஏற்றும். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது சிலையின் மேல்தோலையே உரிக்கிற வேலை. தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

இனி, உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை. ஊர்வலத்தைவிட இது முக்கியம் என்பது என் திடமான எண்ணம். பணியில் இறந்த ராணுவ வீரரின் மனைவிக்கு வரும் ஓய்வூதியம் மூன்று வகை. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், பணியில் இறந்திருந்தால் முதல் பத்து ஆண்டு 50 சதவீதம். பணி காரணமான சாவு என்றால் சிறப்பு ஓய்வூதியம் 60 சதவீதம். போரிலோ எதிரி நடவடிக்கையிலோ இறந்திருந்தால் 100 சதவீதம். எந்த வகை என்பதைப் படைப்பிரிவு நடத்தும் விசாரணையும் அதையொட்டி எழுதும் பதிவும் தீர்மானிக்கின்றன. துக்கம் ஓய்ந்த பிறகு அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அவசியம். வகை தவறாக விழுந்திருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக படைப்பிரிவின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மத்தியப் படைக்காரர்களுக்கு இந்த வழி பொருந்தாது, அவர்கள் படையின் சொந்த அலுவலகத்துக்கே எழுத வேண்டும்.

நம் பக்கத்துப் பெயர்கள்தான் பெரிய சிக்கல். இசக்கியம்மாள் என்ற பெயர் ஒரு தாளில் ஆங்கில ‘ஈ’ எழுத்தில் தொடங்கும், ஆதாரில் ‘ஐ’ எழுத்தில். பேச்சியம்மாள், சுடலைமாடன் கதையும் அதேதான். ராணுவத் தாளில் இனிஷியலை முழுப் பெயராக விரித்திருப்பார்கள், வங்கியில் ஒற்றை எழுத்தாக இருக்கும். பிறந்த தேதி தெரியாமல் ஒரு தாளில் உத்தேசமாக ஜூலை 1 என்று போட்டிருப்பார்கள். இந்தச் சின்ன வித்தியாசத்துக்குப் பணம் மாதக்கணக்கில் நின்றுவிடும். படையில் இருக்கிறவர் லீவில் வரும்போதே பணிப் பதிவு, ஆதார், வங்கிப் புத்தகம், கல்யாணச் சான்று நான்கையும் ஒரே பாயில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் பணியில் இருக்கும்போது திருத்துவது ஒரு விண்ணப்பம். அவர் போன பிறகு திருத்துவது ஒரு வழக்கு.

டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள், 1949 முதல் நடக்கிறது. அன்று சேரும் பணம் போரில் இறந்தவர் குடும்பங்களுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் போகிறது. உண்டியலில் போடுவதோடு நிற்காமல் மாவட்ட நல அலுவலகத்தில் நேரில் கட்டி ரசீது வாங்கலாம், பழைய வரி முறையில் இருப்பவருக்கு வருமான வரியில் விலக்கும் உண்டு. அதே அலுவலகத்தில் ஓய்வுபெற்ற வீரரும் அவர் மனைவியும் பதிவு செய்து அடையாள அட்டை வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பதியாதவருக்கு எந்த உதவியும் வந்து சேராது.

அதற்கு முந்தின மாதம் நவம்பர், ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருப்பதாக வாழ்நாள் சான்று கொடுக்கும் காலம். முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கத்தில் ஆயுள் முழுக்கப் பீடி சுற்றிய அம்மாமாருக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும், இ-சேவை மையத்து மிஷின் எடுக்காது. நாலைந்து தரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கு முகத்தைக் காட்டிப் பதியும் முறை இருக்கிறது. செல்போனில் ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முகப்பதிவுச் செயலியும் இரண்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆதார் எண், பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை எண், ஓடிபி வரும் போன், மூன்றும் கையில் வேண்டும். ஓய்வூதியம் தருபவர் யார் என்ற இடத்தில் பழக்கத்தில் வங்கியைத் தொட்டுவிடாதீர்கள், ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணைய முறைக்கு மாறியவர்களுக்கு ஸ்பர்ஷ் என்றே தேர்ந்தெடுக்க வேண்டும். திண்ணையில் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் பதிவு விழும். வரும் பிரமாண் எண்ணை அம்மாவின் வங்கிப் புத்தகத்தின் உள்ளட்டையில் தேதி போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.